கஸ்டம் கீபோர்டு: புது வரவும் நல்ல விலையும் எப்படிக் கண்டுபிடிப்பது?

வேலூரில் ஆபீசர்ஸ் லைன் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போய் மெக்கானிக்கல் கீபோர்டு கேட்டால், கலர் கலராக விளக்கு எரியும் இரண்டு மூன்று பெட்டிகளை எடுத்து மேசையில் வைப்பார்கள். ப்ளூ ஸ்விட்ச் வேண்டுமா, ரெட் ஸ்விட்ச் வேண்டுமா என்று கேட்பார்கள். பேரம் படிந்தால் பில் போடுவார்கள், அவ்வளவுதான். கஸ்டம் கீபோர்டு உலகத்தில் வியாபாரம் இப்படி நடப்பதில்லை. அங்கே பல பொருள்களைத் தயாராவதற்கு முன்பே விற்றுவிடுகிறார்கள். தயாரானதும் கடையில் தேடினால் பல சமயம் கிடைக்காது. ஒரு வருடம் கழித்து அதே பொருள் யாரோ ஒருவரிடம் பாதி விலைக்கு இருக்கும், இல்லையென்றால் இரண்டு மடங்கு விலைக்கு இருக்கும். புதிதாக வருபவர்களுக்குத் தலை சுற்றுவது இங்கேதான்.

"எது அண்ணா நல்ல டீல்?" என்று கேட்கும் காட்பாடிப் பிள்ளைகளிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அந்தப் பொருள் இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது? அது தெரியாமல் விலையை மட்டும் பார்த்தால், ஐயாயிரம் ரூபாய் மலிவா அதிகமா என்று சொல்லவே முடியாது. இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கட்டங்களைப் பற்றித்தான். நடுவில் சுங்கவரி, பொருத்தம், பழைய சாமான் வாங்குவது எல்லாம் வரும்.

முதலில் ஒரு கீபோர்டில் என்னென்ன இருக்கிறது என்று சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். வெளிப்பெட்டி, அதாவது கேஸ். உள்ளே பிசிபி என்கிற மின்பலகை. அதன் மேல் ஸ்விட்சுகளைப் பிடித்து நிறுத்தும் பிளேட். ஸ்பேஸ்பார், என்டர் போன்ற நீளமான கட்டைகள் ஆடாமல் இருக்க ஸ்டெபிலைசர். ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு ஸ்விட்ச். விரல் படும் மேல்மூடி கீகேப். சாதாரணக் கீபோர்டில் இவை எல்லாம் ஒரே கம்பெனியிலிருந்து ஒரே பெட்டியில் வரும். கஸ்டம் என்றால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கிறோம். கேஸ் ஒருவர், ஸ்விட்ச் வேறொருவர், கீகேப் மூன்றாமவர். ஒவ்வொன்றுக்கும் தனி வெளியீட்டுத் தேதி, தனி விலை, தனித் தள்ளுபடி.

இப்படிக் கலந்து கட்ட முடிவதற்குக் காரணம் ஜெர்மனியின் செர்ரி நிறுவனம். 1980களில் அவர்கள் கொண்டுவந்த எம்எக்ஸ் ஸ்விட்சின் தலையில் கூட்டல் குறி வடிவில் ஒரு தண்டு இருக்கும். அந்த வடிவமே பிறகு எல்லாருக்கும் அளவுகோல் ஆனது. காப்புரிமைக் காலம் முடிந்ததும் கேட்ரான், கெய்ல், அவுட்டெமு போன்ற சீன நிறுவனங்கள் அதே வடிவில் ஸ்விட்ச் செய்யத் தொடங்கின. செர்ரியை விட மலிவாக மட்டுமில்லை, பல சமயம் செர்ரியை விட வழுக்கலாகவும் செய்தன. இன்றைக்கு ஒரு ஸ்விட்ச் 15, 20 ரூபாய்க்குக் கிடைக்கிறதென்றால் அந்தப் போட்டிதான் காரணம்.

ஸ்விட்சில் மூன்று வகை. தடையில்லாமல் நேராக இறங்கினால் லீனியர். நடுவில் ஒரு சின்ன மேடு விரலுக்குத் தட்டுப்பட்டால் டாக்டைல். மேடும் இருந்து 'டிக்' என்று சத்தமும் வந்தால் கிளிக்கி. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் லோயர், ஹையர் முடித்த நம் ஊர் அக்காக்களிடம் கொடுத்துப் பாருங்கள். லீனியரைத் தொட்டுவிட்டு "என்னப்பா, அடிச்ச மாதிரியே இல்லையே" என்பார்கள். கிளிக்கியைக் கொடுத்தால் முகம் மலரும். பக்கத்து மேசைக்காரர் முகம் எப்படி இருக்கும் என்பது வேறு விஷயம்.

ஒரு பொருளின் வாழ்க்கை

இனி முக்கியமான விஷயம். ஒரு கீகேப் செட்டை எடுத்துக்கொள்வோம். அது எப்படிப் பிறந்து எப்படி நம் கைக்கு வருகிறது என்று தெரிந்தால் மற்ற எல்லாம் தானாகப் புரியும்.

ஒரு டிசைனர் ஒரு வண்ணக் கலவையை யோசிக்கிறார். கம்ப்யூட்டரில் முப்பரிமாணப் படம் வரைந்து, "இப்படி ஒன்று வந்தால் வாங்குவீர்களா?" என்று கேட்கிறார். இதற்கு இன்டரெஸ்ட் செக் என்று பெயர். சுருக்கமாக ஐசி என்பார்கள். கீக்ஹேக் என்ற இணைய மன்றத்திலும் டிஸ்கார்டு குழுக்களிலும் பெரும்பாலும் இது நடக்கும். இந்தக் கட்டத்தில் பணம் எதுவும் கிடையாது. பிடித்திருந்தால் சொல்லலாம், நிறம் மாற்றச் சொல்லலாம். புது வரவுகளை முதலில் பார்க்க வேண்டும் என்றால் இங்கேதான் பார்க்க வேண்டும். ஐசி கட்டத்திலேயே நின்றுபோகிறவை ஏராளம் என்பதால் இதைப் பார்த்து ஆசை வளர்த்துக்கொள்ள வேண்டாம்.

ஆதரவு இருந்தால் அடுத்தது குரூப் பை. தொழிற்சாலைக்கு ஒரு குறைந்தபட்ச எண்ணிக்கை வேண்டும். பத்து செட்டுக்காக மெஷினை ஓட்ட மாட்டார்கள். அதனால் சில வாரங்களுக்கு ஆர்டர் திறந்து, எல்லாரிடமும் முழுப் பணத்தை வாங்கி, எண்ணிக்கை சேர்ந்ததும் உற்பத்திக்கு அனுப்புகிறார்கள். பிறகு காத்திருப்பு. ஆறு மாதத்தில் வந்தால் சீக்கிரம். ஜெர்மனியின் ஜிஎம்கே நிறுவனத்தின் செட்டுகளுக்கு ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்தவர்கள் நிறைய உண்டு. ஜிஎம்கேதான் செர்ரியின் பழைய கீகேப் அச்சுகளை வாங்கி ஓட்டிக்கொண்டிருக்கும் நிறுவனம். எழுத்துக்கு ஒரு பிளாஸ்டிக், உடம்புக்கு ஒரு பிளாஸ்டிக் என்று இரண்டு முறை ஊற்றும் டபுள்ஷாட் முறையில் செய்வதால் எழுத்து எத்தனை வருடமானாலும் அழியாது. ஒரு பேஸ் கிட், அதாவது அடிப்படைச் செட், மட்டுமே 100 டாலருக்கு மேல். அந்தப் பெயருக்கு இருக்கும் மவுசும் அதனால் வந்த வரிசையும்தான் காத்திருப்பை நீட்டின.

வட ஆற்காட்டுப் பக்கம் வளர்ந்தவர்களுக்குக் குரூப் பையை விளக்க ரொம்பப் பேச வேண்டாம். தீபாவளிச் சீட்டு கட்டியிருப்பீர்கள், இல்லாவிட்டால் வீட்டில் அம்மா கட்டியிருப்பார். மாதாமாதம் பணம் போகும். தீபாவளிக்கு முன்னால் எண்ணெய், மளிகை, பட்டாசு, ஒரு வெள்ளிக் காசு வரும். சீட்டு பிடித்தவர் நல்லவராக இருந்தால் கடையில் வாங்குவதை விட லாபம். அவர் ஷட்டரை இழுத்து மூடிவிட்டுப் போனால் ரசீதை வைத்துக்கொண்டு தெருவில் நிற்க வேண்டியதுதான். குரூப் பையிலும் இதே கணக்கு. பணம் கட்டிய நாளிலிருந்து பொருள் வரும் நாள் வரை நீங்கள் வாடிக்கையாளர் இல்லை, வட்டியில்லாமல் கடன் கொடுத்தவர். பல நாடுகளில் கடைகள் குரூப் பை பணத்தோடு மூடப்பட்டிருக்கின்றன. ஒரு குரூப் பையின் பணத்தை எடுத்து முந்தைய குரூப் பையின் பாக்கியை அடைப்பது, திடீரென்று புது ஆர்டர் குறைந்ததும் எல்லாம் சரிவது, இதுதான் வழக்கமான கதை. கார்டில் கட்டியிருந்தால் கூட, பணத்தைத் திரும்பக் கேட்பதற்கான கெடு பெரும்பாலும் பொருள் வர வேண்டிய தேதிக்கு முன்பே முடிந்திருக்கும்.

அதனால் முதல் கீபோர்டுக்குக் குரூப் பையில் சேரவே வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து. ஐந்தாவதுக்குச் சேருங்கள்.

குரூப் பை முடிந்து பொருள் வந்ததும் மூன்றாவது கட்டம் வருகிறது. நமக்கு வேண்டியது இதுதான். உடைந்தவை, குறைபாடுள்ளவைக்கு மாற்றாகக் கொடுக்கக் கடைக்காரர்கள் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே ஆர்டர் செய்வார்கள். எல்லாருக்கும் அனுப்பி முடித்தபின் மிச்சம் இருப்பது 'எக்ஸ்ட்ராஸ்' என்ற பெயரில் விற்பனைக்கு வரும். குரூப் பை விலையை விட ஓர் ஐந்து, பத்து சதவீதம் கூடுதலாக இருக்கலாம். ஆனால் காத்திருப்பு இல்லை, உண்மையான புகைப்படங்கள் வந்துவிட்டன, நிறம் சொன்னபடி வந்திருக்கிறதா என்று தெரியும். அந்தப் பத்து சதவீதத்தைக் காப்பீட்டுக் கட்டணம் என்று வைத்துக்கொண்டால் மிகவும் மலிவு.

எக்ஸ்ட்ராஸும் விற்காமல் தங்கிவிட்டால் நான்காவது கட்டம், கிளியரன்ஸ். நிஜமான டீல் என்று எதையாவது சொல்ல வேண்டும் என்றால் அது இங்கேதான் இருக்கிறது. பொதுமுடக்கக் காலத்தில் வீட்டிலிருந்து வேலை பார்த்தவர்கள் கூட்டம் கூட்டமாக இந்தப் பொழுதுபோக்குக்குள் வந்தார்கள். கடைகள் அதை நம்பி அளவுக்கு மீறி ஆர்டர் கொடுத்தன. கூட்டம் கலைந்ததும் சரக்கு தேங்கியது. அன்றிலிருந்து, கொஞ்சம் பொறுமையாக இருப்பவருக்கு நல்ல செட்டுகள் தள்ளுபடியில் கிடைப்பது சாதாரணமாகிவிட்டது. மஞ்சள், ஆரஞ்சு, கலங்கலான பச்சை போன்ற நிறங்கள்தான் அதிகம் தேங்கும். வெள்ளை, கறுப்பு, சாம்பல், நீலம் தேங்காது. உங்கள் ரசனை கொஞ்சம் விசித்திரமாக இருந்தால் இந்த உலகத்தில் நீங்கள் அதிர்ஷ்டசாலி.

கடைசிக் கட்டம் கைமாறும் சந்தை. அதற்குத் தனியாக வருகிறேன்.

2021க்கு முன், 2021க்குப் பின்

பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு வருபவர்கள், அலுமினியக் கேஸ் என்றாலே முப்பதாயிரம் ரூபாய், ஒன்றரை வருடக் காத்திருப்பு என்று நினைக்கிறார்கள். முன்பு அப்படித்தான் இருந்தது. 2021இல் கீக்ரான் நிறுவனம் க்யூ1 என்ற மாடலைக் கொண்டுவந்தது. முழு அலுமினியம், அதிர்வை வாங்கிக்கொள்ளும் கேஸ்கெட் அமைப்பு, ஸ்விட்சைக் கையாலேயே மாற்றிக்கொள்ளும் ஹாட்ஸ்வாப் வசதி, எந்தக் கட்டைக்கு எந்த வேலை என்று மாற்றிக்கொள்ள விஐஏ மென்பொருள். அதுவரை பெரும்பாலும் குரூப் பையில் கிடைத்தவற்றையெல்லாம் வருடம் முழுக்க வாங்கக்கூடிய ஒரு பெட்டிக்குள் வைத்தார்கள். அதன் பிறகு க்வெர்ட்டிகீஸ் நிறுவனத்தின் நியோ65, வாப்கீயின் ரெய்னி 75 என்று ஒவ்வொன்றாக விலையைக் கீழே இழுத்தன. பிளாஸ்டிக் கேஸ் பரவாயில்லை என்றால் ஆவ்லா எஃப்75 போன்றவை ஆறாயிரம் ரூபாய் அளவிலேயே கேஸ்கெட், ஹாட்ஸ்வாப் வசதியோடு கிடைக்கின்றன.

இதனால் புதிதாக வருபவருக்கு ஒரு நன்மை, ஒரு தொல்லை. நன்மை தெரிந்ததுதான். தொல்லை என்னவென்றால், புது வரவு மாதத்துக்கு நான்கு வருகிறது. போன மாதம் வாங்கியதற்கு இந்த மாதம் ஒரு வி2, அதாவது இரண்டாம் பதிப்பு, வந்துவிடுகிறது. இதைத் துரத்திக்கொண்டு போனால் முடிவே இல்லை. புது மாடல் வரும்போது பழைய மாடல் விலை இறங்கும். அந்த இறக்கத்துக்காக மட்டும் புது வரவுச் செய்திகளைக் கவனியுங்கள். ஒரு மாடலின் வி2 அறிவிப்பு வந்த வாரம், வி1 வாங்க நல்ல வாரம். சத்தத்திலும் உணர்விலும் இரண்டுக்கும் இருக்கும் வித்தியாசம் பெரும்பாலும் காதுக்கு எட்டாத அளவில்தான் இருக்கும்.

வெளிநாட்டு விலையும் வீட்டு வாசல் விலையும்

வெளிநாட்டுக் கடையில் 90 டாலர் என்று போட்டிருக்கும். அது வேலூருக்கு வரும்போது என்ன விலை? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அனுப்பும் செலவு 25 டாலர் என்று வைத்தால் 115 டாலர். டாலர் 90 ரூபாய் என்று எடுத்துக்கொண்டால் 10,350 ரூபாய். வெளிநாட்டுப் பணமாற்றத்துக்கு கார்டு கம்பெனி 2 முதல் 3.5 சதவீதம் எடுக்கும். மேல் வரம்பை எடுத்தால் சுமார் 362 ரூபாய். அடுத்து வரி. இந்தியாவில் சுங்க மதிப்பு என்பது பொருளின் விலை மட்டுமில்லை, அனுப்பும் செலவையும் காப்பீட்டையும் சேர்த்ததுதான். ஆகவே கூரியர் கட்டணத்துக்கும் சேர்த்து வரி கட்டுகிறோம். ஜிஎஸ்டி 18 சதவீதம் மட்டும் எடுத்தாலே 1,863 ரூபாய். மொத்தம் 12,575. இதற்கு மேல் அடிப்படைச் சுங்கவரி வருமா, எவ்வளவு வரும் என்பது அந்தப் பார்சலை அதிகாரி எந்தத் தலைப்பில் வகைப்படுத்துகிறார் என்பதைப் பொறுத்தது. கூரியர் கம்பெனியும் நமக்காக வரி கட்டியதற்கென்று தனியாக ஒரு கட்டணம் போடும். 90 டாலரை ரூபாயாக மாற்றி 8,100 என்று மனதில் வைத்திருந்தவருக்கு, 13,000 தாண்டிய பில் அதிர்ச்சியாகத்தான் இருக்கும்.

பெட்டியில் பரிசு என்று எழுதி அனுப்பச் சொல்லலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். ஐயாயிரம் ரூபாய் வரை பரிசுப் பார்சலுக்கு இருந்த சலுகை 2019 டிசம்பரிலேயே போய்விட்டது. விலையைக் குறைத்து எழுதச் சொல்வதும் வேண்டாம். பார்சல் தொலைந்தால் அந்தக் குறைத்த விலைக்குத்தான் இழப்பீடு, சுங்கத்தில் மாட்டினால் அபராதம் வேறு.

இன்னொன்று, உலகமே மலிவு ஸ்விட்ச் வாங்கும் அலிஎக்ஸ்பிரஸ் செயலியை 2020 நவம்பரில் இந்தியா தடை செய்தது. ஆகவே யூடியூபில் அமெரிக்கப் பையன் "இருபது டாலருக்கு வாங்கினேன்" என்று காட்டுவது நமக்குப் பொருந்தாது. பார்த்து ரசிக்கலாம், அவ்வளவுதான். நேரடியாக வெளிநாட்டில் வாங்கியே ஆக வேண்டும் என்றால், முதலில் வங்கிச் செயலியில் கார்டின் சர்வதேசப் பயன்பாட்டை நீங்களே திறந்து வைக்க வேண்டும். 2020க்குப் பிறகு கொடுக்கப்படும் கார்டுகளில் அது மூடித்தான் வரும். கூரியர் கம்பெனி ஆதார் அல்லது பான் விவரம் கேட்கும். அதில் இருக்கும் பெயரும் ஆர்டரில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்கட்டும்.

இந்தத் தலைவலி எல்லாம் வேண்டாம் என்பவர்களுக்காகத்தான் இந்தியக் கடைகள் இருக்கின்றன. ஸ்டாக்ஸ்கேபி, நியோ மேக்ரோ, ஜெனிசிஸ் பிசி, மெக்கீஸ் போன்றவை ஸ்விட்ச், கீகேப், முழுக் கிட் எல்லாவற்றையும் மொத்தமாக இறக்குமதி செய்து ரூபாயில் விற்கின்றன. ஸ்விட்ச் ஒன்றுக்கு ஐந்து ரூபாய் கூடுதலாகத் தெரியும். வரி, அனுப்பும் செலவு, நேரம் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலும் இதுவே மலிவு. வெளிநாட்டுக் குரூப் பைகளுக்கும் சில சமயம் இந்தியக் கடை ஒன்று உள்ளூர் விற்பனையாளராக இருக்கும். அறிவிப்பின் கடைசியில் நாடுவாரியாகக் கடைகளின் பட்டியல் போட்டிருப்பார்கள். அதில் இந்தியா இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், காட்டும் விலையில் ஜிஎஸ்டியும் அடக்கமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

முழுமையாகக் கட்டிய கீபோர்டுக்கு அமேசான், ஃபிளிப்கார்ட் விழாக்கால விற்பனைகள் இருக்கின்றன. ஜூலை வாக்கில் ஒன்று, ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் முன்னால் ஒன்று. எம்ஆர்பியிலிருந்து 60 சதவீதம் தள்ளுபடி என்று போட்டிருப்பதைக் கண்டுகொள்ளாதீர்கள். அந்த எம்ஆர்பிக்கு அந்தப் பொருளை யாரும் எப்போதும் வாங்கியிருக்க மாட்டார்கள். கீப்பா போன்ற விலை வரலாறு காட்டும் கருவியில் கடந்த ஆறு மாத வரைபடத்தைப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். விற்பனைக்கு ஒரு வாரம் முன்னால் விலை ஏறி, விற்பனை நாளில் பழைய இடத்துக்கே வந்து நிற்பதை நிறையப் பார்க்கலாம். வங்கிக் கார்டுக்குக் கிடைக்கும் கூடுதல் தள்ளுபடிதான் அந்த நாள்களில் நிஜமான இலாபம்.

சீனக் கடைகளில் நவம்பர் 11ஐ ஒட்டியும், மேற்கத்தியக் கடைகளில் நவம்பர் கடைசி வெள்ளியை ஒட்டியும் தள்ளுபடி வரும். ஜனவரி, பிப்ரவரியில் சீனப் புத்தாண்டுக்குத் தொழிற்சாலைகள் வாரக்கணக்கில் மூடிவிடும். அதை ஒட்டி ஆர்டர் போட்டுவிட்டு "இன்னும் வரலையே" என்று தினமும் டிராக்கிங் பார்ப்பதில் பயனில்லை.

மலிவாக வாங்கி மாட்டாமல் போவது

டீல் கெட்டுப்போவது பெரும்பாலும் விலையால் இல்லை, பொருத்தத்தால். அரை விலைக்கு வாங்கிய கீகேப் உங்கள் கீபோர்டில் உட்காரவில்லை என்றால் அது முழு நஷ்டம். இதை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

ஸ்விட்சின் அடியில் சிலவற்றுக்கு மூன்று கால், சிலவற்றுக்கு ஐந்து கால். ஐந்து கால் பிசிபியில் இரண்டும் உட்காரும். மூன்று கால் பிசிபியில் ஐந்து கால் ஸ்விட்ச் உட்காராது. கூடுதலான இரண்டு பிளாஸ்டிக் கால்களை நகவெட்டியால் நறுக்கிவிட்டால் போதும், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஹாட்ஸ்வாப் இல்லாத கீபோர்டு என்றால் ஒவ்வொரு ஸ்விட்சையும் சால்டரிங் வைத்துக் கழற்ற வேண்டும். பழைய சரக்கில் ஹாட்ஸ்வாப் இல்லாதவை மலிவாக வரும், அதற்குக் காரணம் இதுதான்.

கேமிங் ஆட்கள் இப்போது மேக்னெட்டிக் ஸ்விட்ச் பக்கம் போய்விட்டார்கள். நெதர்லாந்தின் வூட்டிங் நிறுவனம் பிரபலப்படுத்தியது. அது கட்டை எவ்வளவு ஆழம் இறங்கியது என்று காந்தத்தை வைத்து அளக்கும் வேறு தொழில்நுட்பம். சாதாரண ஸ்விட்சை அதில் போட்டால் வேலை செய்யாது, அதன் ஸ்விட்சை இதில் போட்டாலும் செய்யாது. கீகேப் மட்டும் பொதுவாகப் பொருந்தும். இந்தப் பிரிவில் போட்டி கடுமையாக இருப்பதால் விலை வேகமாக விழுகிறது. அவசரம் இல்லாவிட்டால் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள்.

கீகேப்பில் பார்க்க வேண்டியது வலதுபுற ஷிஃப்ட். முழு அளவுக் கீபோர்டில் அது நீளமாக இருக்கும். 65 சதவீதம், 75 சதவீதம் என்று சொல்லப்படும் சின்னக் கீபோர்டுகளில் அம்புக்குறிக் கட்டைகளுக்கு இடம் விட அந்த ஷிஃப்டைக் குட்டையாக்கி 1.75 அளவில் வைப்பார்கள் (ஓர் எழுத்துக் கட்டையின் அகலம்தான் 1 அளவு). மலிவான செட்டுகளில் இந்தக் குட்டை ஷிஃப்ட் இல்லாமல் போகும். அதே போல வலதுபக்க ஆல்ட், கன்ட்ரோல் கட்டைகள் சிலவற்றில் ஒரு அளவு, சிலவற்றில் ஒன்றேகால் அளவு. ஸ்பேஸ்பார் 6.25 அளவா, 7 அளவா என்பதும் உண்டு. செட்டின் படத்தை வைத்துக்கொண்டு உங்கள் கீபோர்டின் கடைசி இரண்டு வரிசைகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

ஸ்விட்ச் எண்ணிக்கையையும் முதலிலேயே எண்ணிவிடுங்கள். நம்பர் பேடு இல்லாத டிகேஎல் கீபோர்டில் 87 கட்டை. கடைகளில் ஸ்விட்ச் பத்தாகவும், 35ஆகவும், 45ஆகவும் விற்கிறார்கள். 35 பெட்டி என்றால் மூன்று வாங்கி 18 மிச்சமாகும். 45 பெட்டி என்றால் இரண்டு போதும், மூன்று கையிருப்பு. ஒரு ஸ்விட்சின் விலையைப் பார்த்து மயங்காமல் மொத்தப் பெட்டி விலையைப் பாருங்கள். கால் வளைந்த ஸ்விட்ச் ஒன்றிரண்டு எப்போதும் வரும், மூன்று நான்கு கூடுதலாக இருப்பது நல்லது.

காப்பி செட்டுகள் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஜிஎம்கே செட்டுகளின் நிறத்தையும் சின்னங்களையும் அப்படியே எடுத்து, பிபிடி பிளாஸ்டிக்கில் சாயம் ஏற்றி, ஆயிரம் இரண்டாயிரம் ரூபாய்க்கு விற்கிறார்கள். தரம் மோசமில்லை. பிபிடி என்பதால் ஏபிஎஸ் பிளாஸ்டிக் போல எண்ணெய்ப் பளபளப்பும் சீக்கிரம் வராது. ஆனால் வடிவமைத்தவருக்கு ஒரு பைசா போகாது. அக்கோ போன்ற நிறுவனங்கள் சொந்த வடிவமைப்பிலேயே மலிவான செட்டுகள் விடுகின்றன. அதே பணத்துக்கு அதை வாங்குவதே எனக்குச் சரியாகப் படுகிறது. படிக்கிற பிள்ளை முதல் செட்டுக்குக் காப்பி வாங்கினால் நான் சண்டைக்குப் போக மாட்டேன்.

கைமாறும் சந்தை

பழைய சாமான் என்ற சொல் இங்கே அவ்வளவாகப் பொருந்தாது. இந்தப் பொழுதுபோக்குக்காரர்கள் ஒரு கீபோர்டைக் கட்டி, ஒரு மாதம் தட்டிப் பார்த்து, அடுத்ததற்குப் பணம் சேர்க்க அதை விற்றுவிடுவார்கள். ஸ்விட்சுக்குக் கிரீஸ் போட்டு, ஸ்டெபிலைசரைச் சரிசெய்து, எல்லா வேலையும் முடித்த கீபோர்டு பாகங்களின் விலைக்கும் கீழே கிடைக்கும். ரெடிட்டில் உலக அளவில் மெக்மார்க்கெட் என்ற விற்பனைக் குழு இருக்கிறது. இந்தியாவுக்குள் வாங்க விற்கத் தனிக் குழுக்கள் டிஸ்கார்டிலும் டெலிகிராமிலும் இருக்கின்றன.

வேலூர்க்காரர்களுக்கு ஒரு வசதி, விஐடி பக்கத்திலேயே இருக்கிறது. கடைசி வருட மாணவர்கள் விடுதியைக் காலி செய்யும் ஏப்ரல், மே மாதங்களில் சைக்கிள், ஏர்கூலர், மானிட்டரோடு கீபோர்டும் விற்பனைக்கு வரும். ஊருக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாத பிள்ளை பேரத்தில் இறங்கி வருவான். காட்பாடியிலிருந்து சென்னைக்கு இரண்டு மணி நேர ரயில், பெங்களூரும் ஒரு நாளில் போய்வரும் தூரம்தான். நேரில் போய்த் தட்டிப் பார்த்து வாங்க முடியும் என்பது பெரிய விஷயம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கஸ்டம் பாகங்களைத் தேடிப் போகாதீர்கள். கேபிளும் சால்டரிங் சாமானும் வாங்க அது நல்ல இடம்.

முகம் தெரியாதவரிடம் வாங்கும்போது டைம்ஸ்டாம்ப் கேளுங்கள். விற்பவரின் பயனர் பெயரையும் அன்றைய தேதியையும் கையால் எழுதிய ஒரு சீட்டைப் பொருளின் பக்கத்தில் வைத்து எடுத்த படம் அது. வேறு எங்கோ இருந்து சுட்ட படத்தை வைத்து ஏமாற்றுவதைத் தடுக்க இந்த வழக்கம். அதோடு ஒரு வீடியோ காலில் எல்லாக் கட்டைகளையும் அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். வெளிநாட்டவர்கள் பேபால் பாதுகாப்பு பற்றிச் சொல்வார்கள். இந்தியாவுக்குள் பணம் செலுத்தும் சேவையை பேபால் 2021 ஏப்ரல் முதல் தேதியோடு நிறுத்திவிட்டது. யுபிஐயில் அனுப்பிய பணத்தைத் திரும்ப வாங்குவது குதிரைக்கொம்பு. ஆகவே விற்பவர் முன்பு யாருக்கெல்லாம் விற்றிருக்கிறார், அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். அவசரப்படுத்துகிறவரிடம் வாங்கவே வேண்டாம். "இன்னொருத்தர் கேட்டுட்டிருக்கார், இப்பவே ஜிபே பண்ணுங்க" என்றால், அந்த இன்னொருத்தருக்கே கொடுக்கச் சொல்லிவிடுங்கள்.

தமிழ் எழுத்துக் கீகேப்

இதையும் நிறையப் பேர் கேட்கிறார்கள். பெரிய நிறுவனங்களின் செட்டுகளில் ஜப்பானிய, கொரிய, ரஷ்ய எழுத்துகள் சாதாரணமாக வரும். தமிழ் அப்படி வருவதில்லை. நாம் விரும்பும் எழுத்தை அச்சிட்டுத் தரும் கடைகள் இருக்கின்றன. அவற்றிடம் பிபிடி கீகேப்பில் சாயம் ஏற்றி வாங்கலாம். ஆனால் ஒரு விஷயம். அந்தக் கடைகளில் பல, எழுத்துக் கட்டைகள் என்று 26க்குத்தான் விலை சொல்லும். 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 அமைப்பில் 26 போதாது. ச, ஞ இரண்டும் சதுர அடைப்புக்குறிக் கட்டைகளில் இருக்கின்றன. ந அரைப்புள்ளிக் கட்டையில், ய அதற்குப் பக்கத்து மேற்கோள் கட்டையில், ழ சாய்கோட்டுக் கட்டையில். ஆக 31 கட்டை கேட்டு விலை பேசுங்கள். எழுத்தைத் தட்டச்சு செய்து அனுப்பாமல் படமாக மாற்றி அனுப்புங்கள். அவர்களுடைய மென்பொருளுக்குத் தமிழ் கோக்கத் தெரியாவிட்டால், ஷிஃப்ட் போட்டு அடிக்கும் க்ஷவும் ஸ்ரீயும் பிய்ந்து தனித்தனித் துண்டாக அச்சாகி வந்துவிடும்.